தனியாக விற்கப்படும் கை

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போட்ட கவுனை ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி வரை என்னால் கழற்ற முடியவில்லை. அதோடுதான் தூங்கினேன், அதோடுதான் எழுந்தேன். இளஞ்சிவப்பு நிறம். தோளில் பலூன் மாதிரி கை. இடுப்பிலிருந்து குடையாக விரியும் பாவாடை. கண்ணாடியில் பார்த்தால் பல் தேய்க்காத பொம்மை ஒன்று நின்றது.

தலை வழியாக உருவிப் பார்த்தேன். பலூன் கைக்குள் தலை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் உலகமே இளஞ்சிவப்பாக இருந்தது. அதோடு அந்த முயற்சியை விட்டுவிட்டேன்.

நான் திருப்பூரில் நாச்சி நிட்ஸ் என்ற பனியன் கம்பெனியில் ஃபிட் மாடல். மாடல் என்றதும் மேடை, லைட்டு என்று நினைக்க வேண்டாம். என் உடம்பு சரியாக எம் சைஸ், அவ்வளவுதான் விஷயம். கம்பெனி தைக்கிற சாம்பிளை என் மேல் மாட்டிப் பார்ப்பார்கள். பொருந்தினால் 'ஃபிட் ஓகே' என்று தாளில் நான் கையெழுத்துப் போடுவேன். இசக்கியம்மாள் என்று முழுப் பெயரையும் எழுதுவேன். இடுப்பு ஒரு இஞ்ச் கூடினால் வேலை போய்விடும் என்பதால் இரண்டு வருடமாகப் பரோட்டாக் கடையை எதிர்ப் பக்கமாகவே நடந்து கடக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே. இங்கே எனக்கென்று யாரும் கிடையாது.

இந்தக் கவுன் லூலியுடையது. லூலி ஒரு ஆடும் பொம்மை. உலகம் முழுக்க விற்றது. அதன் முதுகில் விரலால் ஒரு தடவு தடவினால் கவுன் மூடிக்கொள்ளும். இன்னொரு தடவு தடவினால் திறந்துகொள்ளும். பட்டன் இல்லை, ஜிப் இல்லை. தொடுகிற விரலை உணர்ந்து நூலே பின்னிக்கொள்ளும், நூலே பிரிந்துகொள்ளும். ஆனால் குழந்தைகள் பிறப்பது வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. லூலியை வைத்து விளையாடியவர்களோ வளர்ந்து, வேலைக்குப் போய், கையில் சம்பளத்தோடு இருந்தார்கள். பொம்மையை வாங்க ஆளில்லை என்றால் பொம்மையின் கவுனை இவர்களுக்கே தைத்து விற்றுவிடலாம் என்று பொம்மைக் கம்பெனி முடிவு செய்தது. அதில் நாற்பதாயிரம் பீஸ் எங்களுக்கு வந்தது.

சனிக்கிழமை அட்டைப்பெட்டியில் ஒட்டுவதற்குக் கடைசி போட்டோ எடுத்தார்கள். எப்போதும் போல சாம்பிள் டெய்லர் ரோஸ்லின்தான் எனக்குக் கவுனை மாட்டி, முதுகைத் தடவி மூடினாள். போட்டோ முடிந்ததும், "அந்த பீஸ நீங்களே வெச்சுக்குங்க அம்மிணி" என்றார் முதலாளி நாச்சிமுத்து. ரோஸ்லினுக்கு பஸ் வந்துவிட்டது. நானும் சந்தோஷமாக அப்படியே ரூமுக்கு வந்துவிட்டேன்.

ரூம் என்பது பாண்டியன் நகரில் ஒரு லைன் வீடு. ஆறு ரூம், ஒரு குழாய். நாலு நாளைக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அந்த ஞாயிறு தண்ணீர் நாள். கவுனோடு இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன்.

"ஏம்புள்ள, இன்னைக்குக் கண்ணாலமா?" என்று கடைசி ரூம்காரர் கேட்டார். "மாப்பிள்ள கொடந் தூக்க மாட்டாராமா?"

எனக்கு முன்னால் நின்றது பக்கத்து ரூம் துளசிமணி அக்கா. இன்னொரு கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவர். தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை எல்லாம் நறுக்குகிற வேலை. எனக்கும் அவருக்கும் எட்டு மாதமாகப் பேச்சு கிடையாது. ஒரு நாள் என் குடத்தைக் காலால் நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தார். நான் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் ஒன்பது வார்த்தை சொன்னார். அதோடு சரி.

வேறு வழியில்லை. "அக்கா, முதுகுல ஒரு தடவு தடவி விடுதியளா?" என்றேன்.

அக்கா தன் குடத்திடம் பேசினார். "எட்டு மாசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவளுக்கு இன்னைக்கு முதுகு அரிக்குதாமா."

"அரிக்கலக்கா. மாட்டிக்கிட்டேன். நேத்து சாயந்தரத்துலேருந்து இதுக்குள்ளயே கெடக்கேன்."

இப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "இதோடயேவா படுத்தே?"

"ஆமா."

"பாத்ரூமுக்கு?"

"அதக் கேக்காதிய."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் முதுகைக் காட்டித் திரும்பினேன். "கூறுகெட்டவளே, இங்கயேவா? உள்ள நட" என்று என் ரூமுக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

காய்த்துப்போன விரல். ஒரே தடவுதான். நூல் சர்ரென்று பிரிந்தது. உடனே முதுகில் பொத்துப் பொத்தென்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அக்கா குழாய்க்கு ஓடிவிட்டார்.

அந்த இரண்டு தட்டு எனக்கு ரொம்ப நேரம் முதுகிலேயே இருந்தது. யாராவது என்னைத் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தேன். ரோஸ்லின் தினமும் தொடுகிறாள், ஆனால் அது துணியில் ஊசி குத்துவதற்கு.

பேட்டரி பழுதாக இருக்கும் என்றுதான் முதலில் எண்ணினேன். தண்ணீர் பிடித்து முடிந்ததும் அக்காவையே மறுபடி கூப்பிட்டுப் போட்டுப் பார்த்தேன். அக்கா தடவினால் மூடியது, அக்கா தடவினால் திறந்தது. நான் கையைப் பின்னால் வளைத்து எத்தனை தடவை தடவியும் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அக்கா வேலை முடிந்ததும் அதே இரண்டு தட்டு.

அக்கா போன பிறகுதான் நாற்பதாயிரம் பீஸ் ஞாபகம் வந்தது. ஃபிட் ஓகே தாளில் இருக்கும் என் முழுப் பெயரும் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை காலை மெர்ச்சண்டைசர் யுவராஜிடம் சொன்னேன். சரக்கு வாங்குகிற பையரிடம் பேசுவது, சாம்பிள் அனுப்புவது எல்லாம் அவர் வேலை. அவர் கதவைப் பூட்டிக்கொண்டு கவுனைத் தானே சட்டைக்கு மேல் மாட்டிப் பார்த்தார். கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து, "இசக்கி, ரோஸ்லினக் கூப்புடுங்க" என்று மெல்லிய குரல் வந்தது. கவுன் இடுப்பைத் தாண்டாமல் நின்றிருந்தது. அவர் எத்தனை தடவியும் நூல் அசையவில்லை, விஷயம் புரிந்துவிட்டது.

முதலாளி அறையில் அவரும் யுவராஜும் நானும் உட்கார்ந்தோம்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு யுவராஜு" என்றார் முதலாளி.

"லூலி ஆடுற பொம்மைங்க. ஆடுறப்ப அதோட கை அது மேலயே படும். பட்டா கவுன் கழண்டுக்கக் கூடாதுல்லீங்க? அதனால உள்ள இருக்கறதோட கை தொட்டா கண்டுக்காதே, வெளி ஆள் கை தொட்டா மட்டும் வேலை செய்னு நூலுக்குள்ளயே வெச்சிருக்காங்க. பெரியவங்க கவுனுக்கும் அதே நூலு. பொம்மைன்னா மோட்டார் துடிப்பு, மனுசங்கன்னா நாடித்துடிப்பு, உள்ள இருக்கறதோட துடிப்ப அது தெரிஞ்சுக்குது. அதே துடிப்பு உள்ள கை வந்தா, பொம்மை தன்னையே தொடுதுன்னு விட்டுருது."

"அப்ப போட்டுக்கறவங்களத்தான் அது பொம்மைன்னு நெனைக்குதா?"

"ஆமாங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மிணி, ஆறு சாம்பிள் போட்டுப் பாத்தீங்க. ஒருக்காலாவது நீங்களாப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்குமுல்ல?"

"ஃபிட் மாடலுக்குத் தானாப் போட்டுக்கிற வேல கெடையாதே சார். கையத் தூக்குன்னா தூக்குவேன். திரும்புன்னா திரும்புவேன். மாட்டுறது ரோஸ்லின்தான்."

"பையர் ஆபீஸ்லயும் இப்படித்தானுங்க" என்றார் யுவராஜ். "அங்கயும் மாடலுக்கு ரெண்டு பேரு மாட்டி விடுவாங்க. அவங்க அனுப்புன அப்ரூவ்டு சாம்பிள்லயே இந்த நூலுதான் இருக்குது."

அப்ரூவ்டு சாம்பிள் என்றால் எங்கள் கம்பெனியில் சாமி மாதிரி. சிவப்பு முத்திரை போட்டு பீரோவில் பூட்டி வைத்திருப்போம். அதில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே தைக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. மாற்றித் தைத்தால் சரக்கு திரும்பி வரும். முந்தின வருடம் ஒரு சாம்பிளின் கையில் டீக்கறை பட்டிருந்தது. எங்கள் பிரிண்டிங் ஆட்கள் மூன்று நாள் உட்கார்ந்து அந்தக் கறைக்குக் கலர் மேட்ச் பண்ணி, பன்னிரண்டாயிரம் சட்டையிலும் அச்சடித்துவிட்டார்கள். பையர் அதைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

"நூல மாத்துனா?" என்றார் முதலாளி.

"நாப்பதாயிரம் முதுகையும் பிரிக்கோணும். வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன்."

"சொல்லாம விட்டா?"

"இன்ஸ்பெக்‌ஷன்லயும் ரெண்டு பேராத்தான் போட்டுப் பாப்பாங்க. தெரியாதுங்க." யுவராஜ் குரலைத் தாழ்த்தினார். "வாங்கறவங்க வீட்டுல யாராச்சும் ஒருத்தர் இருப்பாங்கல்லங்க."

"எங்க வீட்ல யாரும் இல்ல" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் ஒரு ராத்திரி முழுக்க அதுக்குள்ள கெடந்தேன் சார். பக்கத்து ரூம் அக்காகிட்டப் போயி நின்னேன். நாப்பதாயிரத்துல எத்தன பேருக்குப் பக்கத்து ரூம் இருக்கும்? பையர்கிட்டச் சொல்லிருவோம்."

முதலாளி மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொல்லலாமுங்க. ஆனா சரக்கு திரும்பி வந்தா, அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டவங்களையுந்தான் நான் ஊருக்கு அனுப்போணும். தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

ஊருக்குப் போனால் எனக்குத் தெரிந்த ஒரே வேலை கையைத் தூக்குவதும் திரும்புவதும்தான். அதற்கு அங்கே ஆள் தேவையில்லை. தெரிந்துதான் தலையாட்டினேன்.

பொம்மைக் கம்பெனியின் பையர் பெயர் மார்த்தா. அவர் பேசுவதைக் கணினி உடனுக்குடன் தமிழில் சொல்லும், ஆனால் செய்தி வாசிக்கிற தமிழில் சொல்லும். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. வீட்டிலிருந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அவரிடமும் ஒரு கவுன் இருந்தது. "பத்து நிமிடங்களில் திரும்புகிறேன்" என்று எழுந்து போனார்.

இருபது நிமிடம் ஆயிற்று. கவுனைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முடி கலைந்திருந்தது.

"மூடிருச்சே!" என்றார் முதலாளி ஆசையோடு.

"இந்த இல்லத்தில் நானும் ஒரு பூனையும் மட்டுமே வசிக்கிறோம்" என்றது கணினி. "பூனையின் பாதத்தைப் பிடித்து என் முதுகில் தேய்த்தேன். கவுன் மூடிக்கொண்டது. பூனை தற்போது கட்டிலுக்கு அடியில் உள்ளது. வெளியே வர மறுக்கிறது."

"அப்ப எப்படிங்க கழட்டுவீங்க?"

மார்த்தா திரும்பிக் கட்டில் பக்கம் பார்த்தார். அந்தக் கவுனோடேயே அவர் அன்று தன் மேலதிகாரிகள் ஏழு பேருடன் பேசினாராம். அந்தக் கோலத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

மறுநாள் முடிவு வந்தது. அது துணிக் கம்பெனி எடுக்கிற மாதிரி முடிவு இல்லை, பொம்மைக் கம்பெனி எடுக்கிற மாதிரி முடிவு. பொம்மையைப் பெட்டியில் விற்பார்கள், அதன் செருப்பை வேறு பெட்டியில் விற்பார்கள், சீப்பை இன்னொரு பெட்டியில். குறை என்று ஒன்று வந்தால் அவர்கள் அதற்கும் ஒரு பெட்டி செய்வார்கள்.

"ஒரு கை" என்றார் மார்த்தா. "சுவரில் மாட்டும் கை. பனியன் துணியில் தைத்து, உள்ளே பஞ்சும் சிறு மோட்டாரும் வைக்க வேண்டும். அதற்கென ஒரு நாடித்துடிப்பும் இருக்கும். முதுகைக் காட்டி நின்றால் தடவிவிடும். தனியாக விற்கப்படும். ஒரு வாரத்திற்குள் மாதிரி வந்தால் கவுன்களை ஏற்றுக்கொள்கிறோம். வராவிட்டால் இல்லை."

யுவராஜ் உணர்நூலில் ஒரு கையுறை செய்தார். யாராவது அதைப் போட்டுக்கொண்டு தடவினால் விரல் போகிற போக்கு, அழுத்தம், துடிப்பு எல்லாம் பதிவாகிவிடும். ரோஸ்லினை வைத்துப் பதிவு செய்து பார்த்தோம். அவள் விரல் பழக்க தோஷத்தில் வழியிலேயே நின்று நின்று ஊசி தேடியது. யுவராஜ் முயற்சி செய்தார். அவருக்குக் கூச்சத்தில் கை நடுங்கியது, பொம்மைக் கையும் நடுங்கியது.

"உங்க பக்கத்து ரூம் அக்கா ஒரே தடவுல தொறந்தாங்கன்னு சொன்னீங்கல்ல?" என்றார்.

துளசிமணி அக்காவிடம் போய் நின்றேன். விஷயத்தை முழுக்கக் கேட்டார்.

"எங்கையப் பாத்துப் பொம்மைக் கை பண்ணப் போறாங்களா?"

"ஆமாக்கா. வெளிநாட்டுக்கெல்லாம் போகும்."

"எனக்கு என்ன தருவே?"

"கம்பெனில என்ன வேணும்னு கேக்கச் சொன்னாக."

"கம்பெனிய உடு. நீ என்ன தருவே?" அக்கா குழாயைக் காட்டினார். "மொதக் கொடம் என்னுது. எப்பவும். எட்டு மாசம் முன்னாடி நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையையும் திருப்பி வாங்கிக்கோணும்."

திருப்பி வாங்கிக்கொண்டேன். அவர் சொன்ன ஒன்பது வார்த்தையைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

கம்பெனியில் அக்கா கையுறை போட்டுக்கொண்டு இருபது தடவை மூடினார், இருபது தடவை திறந்தார். எல்லாம் சுத்தமாக வந்தது. ஒரே ஒரு பிரச்சினை.

"அக்கா, கடைசில அந்த ரெண்டு தட்டு வேண்டாமுங்க" என்றார் யுவராஜ்.

"எந்தத் தட்டு?"

"இப்பத் தட்டுனீங்களே."

"நாந் தட்டவே இல்லியே."

மறுபடி செய்யச் சொன்னார். தடவி மூடினார், இரண்டு தட்டுத் தட்டினார். "இப்பத் தட்டுனீங்க!" "அது எங்கை தட்டுச்சு, நாந் தட்டல." மூன்று மணி நேரம் இப்படியே போனது. கடைசியில், "உங்க கம்பெனிப் பொம்மைக்கு ரெண்டு தட்டு தாங்காதுன்னா, அந்தக் கவுனு எதுக்குத் தம்பி ஆகும்?" என்று கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். தட்டோடு இருந்த பதிவை வைத்தே கையைச் செய்து அனுப்பினோம்.

நாலாம் நாள் சிவப்பு முத்திரையோடு சாம்பிள் திரும்பி வந்தது. அப்ரூவ்டு. யுவராஜ் மோட்டாரில் அந்தத் தட்டை மட்டும் எடுத்துவிடலாம் என்றார்.

"சாம்பிள்ல இருக்குதா?" என்றார் முதலாளி.

"இருக்குதுங்க. ஆனா அது தப்புங்க."

"தப்போ ரைட்டோ, இருந்தா இருக்கோணும். டீக்கறையவே உட்டமா?"

நாற்பதாயிரம் கவுனோடு நாற்பதாயிரம் கையும் கப்பலேறியது. எனக்கு வேலை நிலைத்தது. ஃபிட் ஓகே தாளில் யுவராஜ் புதிதாக ஒரு வரி சேர்த்தார்: 'தனியாகப் போட்டுப் பார்க்கப்பட்டது.' இப்போது சாம்பிள் வந்தால் ட்ரையல் ரூமில் நான் மட்டும்தான்.

இரண்டு மாதம் கழித்து மார்த்தா கூப்பிட்டார். கை இன்னும் ஒரு லட்சம் வேண்டுமாம்.

"கவுனு எத்தனைங்க?" என்றார் முதலாளி.

"கவுன் வேண்டாம். கை மட்டும். கவுன் வாங்காதவர்களும் கையை வாங்குகிறார்கள். காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. சாதாரண உடையில் முதுகைக் காட்டி அதன் முன்னால் நிற்கிறார்களாம்."

யுவராஜ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் ஒரு கை இலவசமாகத் தந்திருந்தார்கள். அதைச் சுவரில் மாட்டி, அதில் துண்டு தொங்கப் போட்டிருந்தேன். கவுன் போட வேண்டியிருந்தால் பக்கத்து ரூமுக்குப் போவேன். ஆனால் வேலை விட்டு வந்த ஒரு நாள் துண்டை எடுத்துவிட்டு நானும் அதன் முன்னால் நின்று பார்த்திருக்கிறேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

"இன்னொரு விஷயம்" என்றது கணினி. "இறுதியில் வரும் இரண்டு தட்டுகளைக் குறித்து ஏராளமான பெண்கள் எழுதிக் கேட்கிறார்கள். அதற்குப் பொருள் என்ன? 'நீ அழகாக இருக்கிறாய்' என்பதா? 'தைரியமாகப் போய் வா' என்பதா? குறிப்புத் தாளில் அச்சிட வேண்டும். கைக்கு உரியவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்."

எனக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. அன்று தண்ணீர் நாள். ஓவர்டைம் முடிந்து நான் போவதற்குள் தண்ணீர் வந்து நின்றும் போயிருந்தது. அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, முதுகுல ரெண்டு தட்டு தட்டுவியள்ல, அது எதுக்கு?"

"எந்தத் தட்டு?" என்று ஆரம்பித்தவர் கொஞ்சம் யோசித்தார். "ஓ, அதுவா. எம்புள்ளைக்குச் சின்னதுல ஊக்கு மாட்டி உட்டுப்போட்டுத் தட்டுவேன். முடிஞ்சுது, அக்கட்டால நவுரு, தண்ணி வந்துருச்சுன்னு."

"வேற ஒண்ணும் இல்லியா?"

"வேறென்ன இருக்கோணும்?"

மறுநாள் யுவராஜ், கொஞ்சம் நன்றாக ஏதாவது எழுதிவிடலாம் என்றார். சாம்பிளில் என்ன இருக்கிறதோ அதுதான் என்று நான் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு மொழியில் அச்சானது: 'முடிந்தது. தள்ளி நில்லுங்கள். தண்ணீர் வந்துவிட்டது.'

அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் ஒன்றை மார்த்தா எனக்கு அனுப்பியிருந்தார். பெயரைக்கூட என்னால் படிக்க முடியாத ஏதோ ஒரு ஊர்க்காரி எழுதியது. 'நான் பதினோராவது மாடியில் தனியாக வசிக்கிறேன். தினமும் காலையில் கை என் முதுகில் தட்டியதும் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன். நேரத்துக்குச் சொன்னவருக்கு நன்றி.'

சாயங்காலம் அதை அக்காவுக்குப் படித்துக் காட்டலாம் என்று சீக்கிரமே கிளம்பினேன். அன்றும் தண்ணீர் வந்து போயிருந்தது. என் ரூம் வாசலில் என் குடம் இரண்டும் நிரம்பி, மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தன.

"வழியில கெடந்துச்சு, காலத் தட்டுதுன்னு புடிச்சு வெச்சேன்" என்றார் அக்கா, நான் எதுவும் கேட்காமலேயே.

கடிதத்தை முழுக்கப் படித்தேன். அக்கா கீரை உருவுவதை நிறுத்திவிட்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். முகத்தில் என்னவோ மாறியது. சந்தோஷப்படுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அந்தப் புள்ள என்ன சொல்லுது, தெனமுமா?"

"ஆமாக்கா, தெனமும் காலைல."

அக்கா குழாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அங்கெல்லாம் தெனமுமா புள்ள தண்ணி வருது?"